மெட்ராஸில் பிறந்த பனிச்சறுக்கு: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் பயணத் திட்டம்

வழக்கமா இந்தப் பக்கத்துல செங்கம் நடுகல், ஜவ்வாது மலை, ஹைதர் அலி படைக்கும் கர்னல் ஸ்மித் படைக்கும் 1767ல நடந்த சண்டைன்னு ஏதாவது எழுதிட்டு இருப்பேன். இந்தத் தடவை பனிச்சறுக்கு. சிங்காரப்பேட்டைக்கும் பனிச்சறுக்குக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்கறது காதுல விழுது. நியாயம்தான். மே மாசம் வெயில்ல தார் ரோடு உருகற ஊர் இது. பழைய ஃப்ரிட்ஜோட ஃப்ரீசர்ல கரண்டியால சுரண்டினா உதிருமே, அதான் எங்களுக்குத் தெரிஞ்ச பனி :)

ஆனா விஷயம் வீட்டுக்குள்ள வந்துடுச்சு. ஓசூர்ல ஷிஃப்ட் வேலை பார்க்கிற தம்பி, எல்.டி.ஏ. பணமும் மூணு வருஷ சேமிப்பும் சேர்த்து வெச்சுட்டு, "ரெண்டு குடும்பமும் சேர்ந்து பனிச்சறுக்கு கத்துக்கப் போலாம்ணா, எங்க, எப்போன்னு நீயே பார்த்துச் சொல்லிடு"ன்னுட்டான். பெரியவங்க நாலு, பசங்க மூணு. ஏழு பேர்ல ஒருத்தருக்கும் சறுக்கத் தெரியாது. அம்மாவுக்கு காஷ்மீர்ங்கற பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்குது. தங்கமணிக்கு எலும்பு முறிவு பயம். பசங்களுக்கு எந்த பயமும் இல்லை, அதுதான் எனக்கு பயம்.

எவ்வளவு செலவாகும்னு தேட வேண்டிய ஆளு, முதல்ல இது எப்படி ஆரம்பிச்சுதுன்னு தேட ஆரம்பிச்சேன். புத்தி அப்படி. தேடப்போனா கதை நேரா மெட்ராஸ்ல வந்து நிக்குது. அதான் இந்தப் பதிவு. நீளமா இருக்கும், டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

நார்வேக்காரர்களின் செருப்பு

பனிச்சறுக்கு ஆரம்பத்துல விளையாட்டே இல்லை. ஸ்காண்டிநேவியா, ரஷ்யா பக்கமெல்லாம் ஆறு மாசம் பனி மூடிக் கிடக்கும். வேட்டைக்குப் போக, அடுத்த ஊருக்குப் போக, சண்டைக்குப் போக மரப்பலகையைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷப் பழக்கம். நமக்கு மாட்டு வண்டி மாதிரி அவங்களுக்கு அது.

இதை வித்தையாக மாற்றியவர்களில் முக்கியமானவர் நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்தைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹெய்ம் (1825–1897). வசதி இல்லாத குடியானவர். அதுவரை பலகையை வெறும் கால்விரல் பக்கம் மட்டும்தான் வாரால் கட்டுவார்கள். திரும்பினால் பலகை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நோர்ஹெய்ம் மரக்கொடியை முறுக்கி குதிகாலையும் சேர்த்துப் பிணைத்தார். கால் சொன்ன பேச்சைப் பலகை கேட்க ஆரம்பித்தது. 1868ல் கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ) போட்டியில், 40 வயது தாண்டிய அந்த மனிதர் வந்து இளவட்டங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். 42 வயசுல ஆரம்பிக்கப்போற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது ஒரு ஆறுதல். (அவர் சின்ன வயசுலேர்ந்து சறுக்கினவர்ங்கறதை தங்கமணிகிட்ட சொல்லலை.)

நார்வே சமாச்சாரம் ஆல்ப்ஸ் மலைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். நம்ம ஷெர்லாக் ஹோம்ஸ் ஆசிரியர் கானன் டாயல், மனைவியின் காசநோய்க்காக சுவிட்சர்லாந்தின் டாவோஸில் தங்கியிருந்தபோது, 1894ல் அந்த ஊர் பிராங்கர் சகோதரர்களோடு ஒரு மலைக்கணவாயைச் சறுக்குப் பலகையில் கடந்து அரோசா போனார். அதைப் பத்திரிகையிலும் எழுதினார். இங்கிலாந்துக்காரர்கள் இதற்காகவே நூற்றுக்கணக்கில் சுவிஸ் வரும் காலம் வரும் என்றும் சொன்னார். அது பலித்ததற்கு ஒரு குடும்பம் முக்கியக் காரணம். அங்கேதான் மெட்ராஸ் வருகிறது.

பாதிரியாரின் பேக்கேஜ் டூர்

ஹென்றி லன் என்று ஒருத்தர். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதிக்காரர், மெத்தடிஸ்ட் சபை போதகர், மருத்துவமும் படித்தவர். 1887ல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தார். மறு வருஷம், 1888 ஏப்ரல் 18ஆம் தேதி, அவருக்கு மெட்ராஸில் ஒரு பையன் பிறந்தான். பெயர் ஆர்னால்ட்.

ஹென்றிக்கு இங்கே உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார். திரும்பிப் போய் சும்மா இருக்காமல், மிஷனரிகள் இந்தியாவில் சாதாரண ஜனங்களிடமிருந்து விலகி வசதியாக வாழ்கிறார்கள் என்கிற ரீதியில் எழுதப்போய், சபைக்குள்ளே பெரிய சர்ச்சை. அப்புறம் 1892 முதல், பிரிந்து கிடக்கும் சபைகளை ஒன்று சேர்க்க சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்டில் மாநாடுகள் நடத்தினார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், ரயில் டிக்கெட் போட வேண்டும், ஹோட்டல் பிடிக்க வேண்டும். சபைகள் ஒன்று சேரவில்லை. ஆனால் ஹென்றிக்கு டிராவல்ஸ் தொழில் கைவந்துவிட்டது :)

அதுவரை சுவிஸ் மலை ஊர் ஹோட்டல்கள் பெரும்பாலும் கோடைக்கு மட்டும் திறக்கும். குளிர்காலத்தில் இழுத்து மூடிவிடுவார்கள். அந்த காலியான ஹோட்டல்களை மொத்தமாகப் பேசி, குளிர்காலத்தில் ஆள் கொண்டு வருகிறேன் என்றார் ஹென்றி. 1910 வாக்கில் மூரென் என்கிற ஊருக்குப் போகும் மலை ரயிலையே குளிர்காலத்தில் ஓட்ட வைத்தார். போக்குவரத்து, அறை, சாப்பாடு, கூட்டாளி எல்லாம் ஒரே தொகையில். இன்றைக்கு நாம் 'ஃபேமிலி பேக்கேஜ்' என்று சொல்வதன் தாத்தாக்களில் ஒருவர் இவர்.

ஒரு முள்ளும் உண்டு. கூட்டத்தின் 'தரம்' கெடக்கூடாது என்று, பொதுப்பள்ளி ஆல்பைன் விளையாட்டுச் சங்கம் என்று ஒன்றை அமைத்தார். அங்கே பொதுப்பள்ளி என்றால் நம்ம ஊர் கவர்ன்மென்ட் ஸ்கூல் இல்லை, ஈட்டன், ஹாரோ மாதிரி பணக்காரப் பள்ளிகள். அங்கே படித்தவர்கள், ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ்காரர்கள், ராணுவ அதிகாரிகள், அவர்கள் குடும்பத்தார் மட்டும் உள்ளே. மிஷனரிகள் ஜனங்களை விட்டு விலகி நிற்கிறார்கள் என்று எழுதிய அதே ஆள்தான்! குடியானவனின் செருப்பு, நாற்பது வருஷத்தில் கனவான்களின் பொழுதுபோக்கு ஆகிவிட்டது. "அதெல்லாம் பெரிய இடத்து விளையாட்டு, நமக்கெதுக்கு"ன்னு தம்பி சம்சாரம் சொன்னாங்க. அந்தப் பேச்சுக்கு வேர் இங்கதான் இருக்கு.

கந்தகார் எப்படி வந்தது?

பனிச்சறுக்கு பற்றி எதைப் படித்தாலும் 'கந்தகார்' என்ற வார்த்தை வந்துகொண்டே இருக்கும். கந்தகார் பந்தயம், கந்தகார் கிளப், கந்தகார் பிணைப்பு. ஆப்கானிஸ்தானில் ஏது சறுக்குப் பந்தயம் என்று குழம்பினேன்.

லார்ட் ராபர்ட்ஸ் என்று ஒரு தளபதி. 1832ல் கான்பூரில் பிறந்தவர். 1880 ஆகஸ்டில் காபூலிலிருந்து கந்தகாருக்கு சுமார் 500 கிலோமீட்டரை மூன்று வாரத்தில் படையோடு கடந்து ஜெயித்தவர். அதனால் பட்டமே 'கந்தகார் ராபர்ட்ஸ்'. அதற்குப் பின் 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி. ஓய்வுக்குப் பின் ஹென்றி லன்னின் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்தார், ஒரு கோப்பைக்குத் தன் பெயரையும் கொடுத்தார்.

1911 ஜனவரியில் சுவிஸின் மோண்டானாவில் அந்தக் கோப்பைக்காக முதல் பந்தயம். ஏற்பாடு செய்தவர் 22 வயது ஆர்னால்ட் லன், நம்ம மெட்ராஸ் பையன். பனிமலை உச்சியில் விட்டார்கள், பாதை கிடையாது, கொடி கிடையாது, முதலில் கீழே வருகிறவன் ஜெயித்தான். ஜெயித்தவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இன்றைய டவுன்ஹில் பந்தயம் இரண்டு நிமிஷம்.

ஆர்னால்ட் பற்றி இன்னொன்று. 1909ல் வேல்ஸில் பாறை ஏறும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டார். அந்தக் கால் சில அங்குலம் குட்டையாகவே சேர்ந்தது. அதோடுதான் மீதி வாழ்நாள் முழுக்க மலை ஏறினார், சறுக்கினார்.

திரும்பத் தெரியாதவனுக்கு மலை இல்லை

அந்தக் காலப் போட்டிகளில் யார் அழகாகத் திரும்புகிறார்கள் என்று நடுவர்கள் மார்க் போடுவார்கள். பரதநாட்டியப் போட்டி மாதிரி. ஆர்னால்டுக்கு இது பிடிக்கவில்லை. மலையில் மரம் இருக்கிறது, பாறை இருக்கிறது. அதைச் சுற்றி வேகம் குறையாமல் வருவதுதான் திரும்புதல், அழகுக்கு மார்க் எதற்கு என்பது அவர் கட்சி. 1922ல் மூரெனில் சரிவில் கொடிக் கம்பங்களை ஜோடி ஜோடியாக நட்டு, அதற்குள் புகுந்து புகுந்து யார் சீக்கிரம் வருகிறார்கள் என்று கடிகாரத்தை வைத்து அளந்தார். இன்றைய ஸ்லாலம் அங்கே பிறந்தது. பெயர் நார்வே, உருவம் ஆர்னால்டுடையது.

நார்வேக்காரர்கள் இதைச் சறுக்கு என்றே ஒத்துக்கொள்ளவில்லை. எட்டு வருஷம் மல்லுக்கட்டி, 1930ல்தான் சர்வதேச பனிச்சறுக்கு சம்மேளனம் டவுன்ஹில்லையும் ஸ்லாலத்தையும் ஏற்றது. 1931ல் மூரெனில் முதல் உலகப் போட்டி. 1936ல் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டென்கிர்ஷென் ஒலிம்பிக்கில் நுழைந்தது. டிவியில் நாம் பார்க்கிற, கம்பத்தை இடித்துக்கொண்டு சர் சர்ரென்று இறங்குகிற அந்த விளையாட்டு, மெட்ராஸில் பிறந்தவர் போட்ட கணக்கு. 1952ல் சர் பட்டம் கொடுத்தார்கள், 1974ல் காலமானார். மெட்ராஸ் நாள் கொண்டாடும் பதிவர்கள் யாராவது இவருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கப்பா.

செயின்ட் ஆன்டன் வாத்தியார்

பந்தயம் ஒருத்தர் கொடுத்தார் என்றால், பாடத்திட்டம் கொடுத்தவர் இன்னொருத்தர். ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப்பகுதியைச் சேர்ந்த ஹன்னஸ் ஷ்னைடர். 1907ல் செயின்ட் ஆன்டன் ஊரில் ஹோட்டல் விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேலைக்குச் சேர்ந்தார். முதல் உலகப்போரில் மலைப்படை வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நூற்றுக்கணக்கான பேருக்குக் கொஞ்ச நாளில் கற்றுத்தர வேண்டிய கட்டாயம். அங்கிருந்து வந்ததுதான் அவருடைய முறை: எல்லாரையும் ஒரே கும்பலில் போடாதே, தெரிந்தவன் தெரியாதவன் என்று வகுப்பு பிரி. முதலில் பலகை முனைகளை உள்பக்கமாகச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஏர் மாதிரி வைத்து வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொள். அப்புறம் அதே நிலையில் திரும்பு. கால்களைச் சேர்த்து இணையாகப் போவதெல்லாம் கடைசியில்.

நூறு வருஷம் கழிச்சும் இதுதான் முதல் நாள் பாடம். இப்போ பசங்களுக்கு "பீட்சா துண்டு மாதிரி வெச்சா நிக்கும், ஃப்ரெஞ்ச் ஃப்ரை மாதிரி வெச்சா ஓடும்"னு சொல்லித் தர்றாங்க. ஷ்னைடர் கேட்டா என்ன சொல்லியிருப்பாரோ.

லன்னும் ஷ்னைடரும் சேர்ந்து 1928ல் செயின்ட் ஆன்டனில் ஆரம்பித்ததுதான் ஆர்ல்பெர்க்-கந்தகார் பந்தயம். 1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் நாஜிகளுக்குப் பிடிக்காத ஷ்னைடரைச் சிறையில் போட்டார்கள். பந்தயத்துக்கு எல்லாம் தயாராக இருந்தும், நண்பன் உள்ளே இருக்கும்போது இங்கே பந்தயமா என்று ஆர்னால்ட் லன் அந்த வருஷப் போட்டியையே ரத்து செய்தார். ஷ்னைடர் 1939ல் அமெரிக்கா போய் நியூ ஹாம்ப்ஷயரில் மறுபடி வாத்தியார் ஆனார்.

இந்த செயின்ட் ஆன்டனை ஞாபகம் வெச்சுக்கோங்க, குல்மார்க்ல மறுபடி வரும்.

குல்மார்க்

1927ல் இரண்டு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் குல்மார்க்கில் இந்திய ஸ்கீ கிளப்பை ஆரம்பித்தார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கூட்டம் கூடும். 1947ல் அந்தக் கூட்டம் கலைந்தது. அடுத்து அந்தப் பனிக்கு வந்தவர்கள் விளையாட வரவில்லை.

1948 நவம்பர் 1ஆம் தேதி, சோஜிலா கணவாயில், கிட்டத்தட்ட 11,500 அடி உயரத்தில் டாங்கிகளை ஏற்றி எதிரியைத் திகைக்க வைத்தவர் ஜெனரல் திம்மய்யா, நம்ம பக்கத்துக் குடகுக்காரர். அந்த டாங்கிகள் போவதற்குக் கோவேறு கழுதைப் பாதையை அகலப்படுத்திக் கொடுத்தது மெட்ராஸ் சாப்பர்ஸ். இன்றைக்கும் பெங்களூரில் இருக்கும் அதே படைப்பிரிவு. பனியில் போரிட ஆள் பழக்க வேண்டும் என்பதற்காக அதே 1948ல் திம்மய்யா குல்மார்க்கில் ஒரு ஸ்கீ பள்ளி ஆரம்பிக்க வைத்தார். அதுதான் வளர்ந்து இன்றைய உயர்மலைப் போர்ப் பள்ளி.

பொதுமக்களுக்கு? 1968ல் குளிர்கால விளையாட்டுக்கு ஏற்ற இடம் பார்க்க ருடால்ஃப் மாட் என்ற ஆஸ்திரியர் வந்தார். 1936ன் ஸ்லாலம் உலக சாம்பியன். ஊர்? செயின்ட் ஆன்டன்! ஷ்னைடரின் மண்ணில் வளர்ந்து, மெட்ராஸ்காரர் கண்டுபிடித்த பந்தயத்தில் ஜெயித்தவர், இந்தியாவுக்கு வந்து குல்மார்க்கைக் கைகாட்டிவிட்டுப் போனார். சுத்திச் சுத்தி கதை வீட்டுக்கே வந்துடுச்சு பாருங்க. அதையொட்டி மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்கே வந்தது.

கொண்டோலா ரோப் கார் வேலை 1980களின் கடைசியில் ஆரம்பித்து, கலவர வருஷங்களில் நின்று, முதல் கட்டம் 1998லும் இரண்டாம் கட்டம் 2005லும் திறந்தது. குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டர், அதாவது நம்ம தொட்டபெட்டா உச்சி எவ்வளவோ அவ்வளவு. முதல் கட்டம் கொங்டூரி வரை, சுமார் 3,050 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலைத்தோள், ஏறக்குறைய 3,950.

விளையாட்டாகப் பார்க்க முடியாத பக்கம்

இதை எழுதாமல் தாண்ட மனசு வரலை. 2010 பிப்ரவரியில் குல்மார்க்குக்கு மேலே கிலன்மார்க்கில் பனிச்சரிவில் சிக்கி, அந்தப் போர்ப் பள்ளியின் 17 ராணுவத்தினர் இறந்தார்கள். பனியைப் பாடமாகப் படித்தவர்கள் அவர்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19வது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் பனிக்குள் புதைந்தார்கள். அதில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருத்தர் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம். எங்க அம்மாவுக்குப் பனின்னா அந்த வாரம் டிவியில் பார்த்த பனிதான். "அந்தப் பனியிலயா குழந்தைங்களை விளையாட விடப் போறீங்க"ன்னு கேட்டாங்க. பயந்தாங்கொள்ளித்தனம்னு அதைத் தள்ள முடியாது.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இது. பனிச்சரிவு செங்குத்தான, ஆள் தொடாத மேல் சரிவுகளில் வரும் ஆபத்து. கற்றுக்கொள்பவர்கள் நிற்பது குல்மார்க் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய கிட்டத்தட்ட தட்டையான புல்வெளிச் சரிவில். இரண்டும் ஒரே ஊர், ஆனா ஏரிக்கரையில கால் நனைக்கறதுக்கும் மதகுல குதிக்கறதுக்கும் உள்ள வித்தியாசம். 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர் பனிச்சரிவில் இறந்ததும் மேல் பகுதியில்தான்.

இன்னொரு பயத்துக்கு அப்படி ஒரு சுலபமான பதில் என்கிட்ட இல்லை. 2025 ஏப்ரல் 22, பஹல்காம், 26 பேர். பெரும்பாலும் சுத்திப் பார்க்க வந்தவங்க. அதுக்கப்புறம் அங்கே பல சுற்றுலா இடங்களை மூடினாங்க, பிறகு கட்டம் கட்டமா திறந்தாங்க. போறதா வேண்டாமாங்கறதை அந்த வாரத்து நிலவரம் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். முன்கூட்டியே வீரம் பேசறதுல அர்த்தமில்லை.

நம்ம ஆளுங்க சறுக்கினாங்களா?

1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியோடு போனவர் போலந்தில் பிறந்த ஜெரமி புஜகோவ்ஸ்கி. 1968லும் அவரேதான். 1988 கால்கரியில் ஷைலஜா குமார் ஸ்லாலத்தில் 28வது இடம், குளிர்கால ஒலிம்பிக்கில் முதல் இந்தியப் பெண். 2018ல் மணாலியின் ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் வெண்கலம் வாங்கினார். 2022 பெய்ஜிங்கில் இந்தியாவின் ஒரே வீரர் குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கான், ஜெயன்ட் ஸ்லாலத்தில் 45வது இடம். அவர் அப்பா அங்கே சறுக்கு சாமான் கடையும் வழிகாட்டித் தொழிலும் நடத்தியவர். பையன் நாலு வயசில் பலகை ஏறியவன். குடகுப் பெண் பவானி, சமதளச் சறுக்கில் சர்வதேசப் போட்டிகளுக்குப் போகிறார். காபித் தோட்ட ஊரிலிருந்து முடியும்னா, மாந்தோப்பு ஊரிலிருந்து முடியாதா!

சரி, எங்க போறது?

நாலு இடம் பார்த்தேன்.

ஆலி (உத்தரகண்ட்): அருமையான சரிவு, 2011ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டு நடந்த இடம். ஆனால் கீழே ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் வீடுகள் விரிசல் விட்டு நிலம் இறங்க, 4 கிலோமீட்டர் ரோப்வே அப்போதே நிறுத்தப்பட்டது. குழந்தைகளோடு நீண்ட மலைப்பாதைப் பயணம் வேறு. எங்களுக்கு வேண்டாம்.

சோலாங் (மணாலி பக்கம்): ஸ்லெட்ஜ், குதிரை, பாராகிளைடிங் என்று திருவிழாக் கூட்டம். ஒரு மணி நேரம் வாடகைப் பலகையில் நின்று போட்டோ எடுக்க சரி. முறையாகக் கற்க, மணாலியில் உள்ள மாநில அரசின் மலையேற்ற நிறுவனம் (வாஜ்பாய் பெயரில் உள்ளது) முழுநீளப் பயிற்சி நடத்துகிறது. காலேஜ் பசங்களுக்கு அது அருமை, குடும்பத்துக்குச் சரிப்படாது.

துபாய்: 2005ல் திறந்த உள்ளரங்கப் பனி. பனி கேரண்டி, நீளமான சரிவு 400 மீட்டர். அங்கே உறவு இருக்கிறவங்களுக்கு முதல் ரெண்டு பாடம் கத்துக்க நல்ல இடம். ஆனா மலை பார்க்கணும்னு ஆசைப்படற பசங்களை மாலுக்குள்ள கூட்டிட்டுப் போனா சும்மா விடாதுங்க.

குல்மார்க்: வகுப்புக்கு ஏற்ற இளஞ்சரிவு, சின்ன இழுவை லிஃப்ட், தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கும் உள்ளூர் வாத்தியார்கள், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். 2025 ஜூனிலிருந்து கத்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயிலும் வந்துவிட்டது.

என் ஓட்டு குல்மார்க்குக்கு. ஒரே சிக்கல், பனி. 2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் மண்ணாகக் கிடந்தது. 2025ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் போட்டிகளையே பனி இல்லாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். சீசனை நம்பி வாழற தங்மார்க் பக்கத்து வழிகாட்டிகளுக்கும், ஸ்லெட்ஜ் இழுக்கிறவங்களுக்கும் அது ஒரு வருஷச் சோறு. மழை பொய்ச்சா மாந்தோப்புக்காரன் முகம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். அதே முகம்தான் அங்கேயும்.

தம்பிக்கு எழுதிக் கொடுத்த பட்டியல்

1. தேதி: பிப்ரவரி முதல் மூணு வாரம். அங்கே கடுங்குளிர்க் காலம் டிசம்பர் 21ல ஆரம்பிச்சு 40 நாள். அதுல விழுந்த பனி இறுகிக் கிடக்கும், குளிரும் கொஞ்சம் தணிஞ்சிருக்கும். பள்ளிக்கூட லீவு பத்தாது, ரெண்டு நாள் லீவ் லெட்டர் உறுதி.

2. நாள்: சறுக்க மட்டும் முழுசா நாலு நாள். முதல் நாள் விழறதுக்கு, ரெண்டாவது நாள் நிக்கறதுக்கு, மூணாவது நாள் திரும்பறதுக்கு. ஒரே நாள்ல விட்டுட்டு வந்தா விழுந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ஒரு டிராவல்ஸ்காரர் 'ஸ்கீயிங் உண்டு'ன்னு பேக்கேஜ் கொடுத்தார். துருவிக் கேட்டா மொத்தமே ஒரு மணி நேரம்!

3. வகுப்பு: ஷ்னைடர் சொன்ன மாதிரி பிரிக்கணும். பசங்க மூணுக்கும் ஒரு வாத்தியார், பெரியவங்க நாலுக்கும் ஒருத்தர். அப்பா பிள்ளைக்குச் சொல்லித் தர்றேன்னு இறங்கக்கூடாது. பைக் ஓட்டக் கத்துக்கொடுத்தப்போ நடந்த சண்டை போதும். தினமும் காலையில ரெண்டு மணி நேரம், மத்தியானம் விருப்பப்பட்டா ஒரு மணி நேரம்.

4. பூட்ஸும் பிணைப்பும்: இதுக்கும் ஒரு கதை உண்டு. 1929 வாக்கில் வந்த 'கந்தகார் பிணைப்பு' குதிகாலைக் கம்பியால் இறுக்கிப் பிடித்தது. கட்டுப்பாடு கிடைத்தது, விழுந்தால் காலும் முறிந்தது. ஹ்யால்மர் ஹ்வாம் என்ற நார்வே-அமெரிக்கர் 1937ல் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், விழுந்தால் தானே கழன்றுகொள்ளும் பிணைப்பை யோசித்தார். இன்றைய பிணைப்பு எவ்வளவு இறுக்கத்தில் கழலணும்னு எடை, உயரம், வயசு, அனுபவம் பார்த்துத்தான் திருகுவாங்க. வாடகைக் கடையில எடையைக் குறைச்சோ கூட்டியோ சொல்லாதீங்க. பெரியவர் செட்டிங்கை அப்படியே சின்னப் பையனுக்கு மாட்டினா, திருப்பி வைக்கச் சொல்லி நின்னு கேளுங்க. ஹெல்மெட் எல்லாருக்கும்.

5. கொண்டோலா: முதல் கட்டம் பார்க்கப் போகலாம். ரெண்டாம் கட்டத்துல சறுக்கற யோசனையே வேண்டாம்.

6. துணி: ஜீன்ஸ், பருத்தி ரெண்டும் ஈரமானா காயாது. உள்ளே கம்பளி இல்லேன்னா சிந்தெடிக், வெளியே தண்ணி புகாத உடை (அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்). கறுப்புக் கண்ணாடியும் வெயில் கிரீமும் கட்டாயம், பனியில் பட்டு வர்ற வெயில் நம்ம ஊர் மே மாசத்தை விட மோசமா சுடும்.

7. இன்ஷூரன்ஸ்: சாதாரணப் பாலிசி பலதுல சாகச விளையாட்டு சேராது. எழுத்துல கேட்டு வாங்கணும்.

8. பணம்: திருப்பிக் கிடைக்கிற அறை, தேதி மாத்தக்கூடிய டிக்கெட். கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. பத்து நாள் முன்னாடி பனி நிலவரமும் ஊர் நிலவரமும் பார்த்துட்டு, ரெண்டுல ஒண்ணு சரியில்லைன்னாலும் தள்ளிப் போடறதுன்னு இப்பவே ரெண்டு குடும்பமும் ஒத்துக்கணும்.

9. பசங்ககிட்ட: "சறுக்கப் போறோம்"னு சொல்லாதே, "பனி இருந்தா சறுக்கலாம், இல்லேன்னா தால் ஏரி பார்த்துட்டு வரலாம்"னு சொல்லு.

10. இன்னிலேர்ந்து: எல்லாரும் தினம் மாடிப்படி ஏறி இறங்கணும். முதல் நாள் வலிக்கப் போறது தொடையும் முட்டியும்தான். ஞாயித்துக்கிழமை ஜவ்வாது மலைப் பக்கம் நடை.

பட்டியலைப் படிச்சுட்டு அம்மா எட்டாவதை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. "நிலவரம் சரியில்லேன்னா தள்ளிப் போடறதுன்னு எழுதியிருக்கே, அதுல கையெழுத்துப் போடு"ன்னாங்க. போட்டாச்சு, தம்பியும் போட்டுட்டான்.

டிஸ்கி: சோலாங், நார்கண்டா பக்கம் பசங்களோட போய் நிஜமாவே ரெண்டு மூணு நாள் கத்துக்கிட்டு வந்த பதிவர்கள் பின்னூட்டத்துல சொல்லுங்க. முக்கியமா ஏழெட்டு வயசுப் பசங்க பூட்ஸ் போட்டு எவ்வளவு நேரம் தாங்கினாங்கன்னு. அடுத்த பதிவு மறுபடியும் நடுகல்தான், பயப்படாதீங்க :)